பதினான்காம் நம்பர் வீட்டுக் கேசரி

இரண்டு கம்பளிகளுக்குள் இருந்தபடியே இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா குமாரசாமி அவர்களே! குளிரிலும் குலையாத கொள்கையோடு நாற்காலியை விட்டு நகராத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் அன்னையர்களே! முன்வரிசையில், காலடியில் பெட்டியோடு அமர்ந்திருக்கும் அன்புச் சகோதரி பாலாமணி அவர்களே! குன்னூர் மார்க்கெட்டில் கேரட் மண்டி வைத்திருக்கும் இந்தச் செல்லதுரையின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

அந்தப் பெட்டி எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்த நண்பர் நவநீதன் ‘பதினாறாம் நம்பர் வீடு’ என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார், அதன் வெளியீட்டு விழாதான் இது. வாழாமல் விட்ட வாழ்க்கையை எண்ணி ஏங்கும் நானூறு பக்கம்! அதைப் படித்த அவர் மனைவி பாலாமணி, “மொதல் பிரதிய நான் வாங்க மாட்டனுங்க. ஆறு மணி பஸ்ஸுக்கு மேட்டுப்பாளையத்துல அண்ணன் ஊட்டுக்குப் போறேன்” என்று கிளம்பிவிட்டார். இப்போது மணி ஐந்தேகால்.

நடந்தது என்ன? இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நவநீதனுக்குப் பெண் பார்க்க அவரும் நானும் போனோம். பெண்ணின் பெயர் மாலதி. எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் பதினாறாம் நம்பர் வீடு. மேகம் இறங்கியிருந்தது. என் கால் எனக்கே தெரியவில்லை! எல்லாக் கதவுக்கும் எஸ்டேட் அடித்த ஒரே பச்சைப் பெயிண்ட். ஒரு கதவைத் தட்டினோம். “வாங்க, வாங்க” என்றார்கள். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. பெண் வந்தார். நவநீதன் நிமிர்ந்தார், பார்த்தார், சொக்கினார்!

வெளியே வந்தபோது மேகம் விலகியது. கதவில் பதினான்கு என்று இருந்தது! “நவநீதா, வேற ஊடு!” என்று அலறினேன். “செல்லதுரை, அங்க காத்திட்டிருப்பாங்க. நீ போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துரு” என்றார். போனேன். அங்கேயும் கேசரி. “உக்காருங்க மாப்பிள்ளை” என்றார்கள். மறுத்துப் பேச முடியவில்லை, வாய் நிறையக் கேசரி இருந்தது. அன்று கேட்கப் போன மன்னிப்பை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆம், மாலதி என் மனைவி. மூன்றாம் வரிசையில் முறைப்பவர் அவர்தான்.

ஆக, நாவல் முழுக்க நண்பர் என் மனைவியோடு வாழ்கிறார். கோபப்பட்டேனா? இல்லை, பிழை திருத்திக் கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மாலதி விடியற்காலையில் பாடுகிறாளாம். என்றைக்காவது பாடினாளா? விடிந்ததும் அவள் சொல்வது, “ஏனுங்க, வெந்நி வையுங்க” என்பதுதான். இருநூறாம் பக்கத்தில் பைக்காரா ஏரியில் படகுப் பயணமாம். படகைப் பார்த்தாலே அவளுக்குத் தலைசுற்றும். நண்பா, நீ வாழாத வாழ்க்கையை நான் வாழ்ந்தேன். அதில் பாட்டும் இல்லை, படகும் இல்லை! (என்ன மாலதி? சரி, நல்ல வாழ்க்கைதான். மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.)

சகோதரி பாலாமணி அவர்களே, நாவலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று பதினாறாம் நம்பர் பத்தடி தூரத்தில் இருந்தது. வெறும் பத்தடி! அவர் போயிருக்கலாமா? போயிருக்கலாம். போனாரா? போகவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது உங்கள் பதினான்காம் நம்பர் கதவையே மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். “குடைய மறந்துட்டனுங்க” என்றார். குடை அவர் கையில் இருந்தது!

என்ன, சகோதரி எழுந்துவிட்டார்? அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள்... கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையா? நானே திருப்பிச் சொல்கிறேன். “எனக்கும் தெரியுமுங்க. அன்னைக்கு எங்கூட்டுக்கு வர்றதா இருந்தது பைக்காரா கரண்டு ஆபீசு மாப்பிள்ளை. இவரு ஃபேக்டரின்னு சொன்னதுமே ஆளு வேறன்னு தெரிஞ்சுது. அவரு கையில குடை இருக்கறதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் உள்ள தேடப் போனேன்.”

அவையோரே, கைதட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. நவநீதா! தவறிப்போன வாழ்க்கைக்கு நானூறு பக்கம் எழுதினாய். தவறவிடாமல் பிடித்த வாழ்க்கைக்கு ஒரு வரி எழுதினாயா? இல்லாத குடையைத் தேடியவருக்கு ஒரு வரி எழுதினாயா? எனக்கு வருத்தம் அதில்தான்.

அதோ, சகோதரி மேடையேறுகிறார்! முதல் பிரதியை வாங்கிவிட்டார்! “பெட்டிய நீங்க தூக்குங்க. ஊட்டுக்குப் போலாம்” என்கிறார். தூக்கு நவநீதா, இரண்டு கையாலும் தூக்கு!

பொறுமை காத்த தலைவருக்கும், மைக் செட் போட்ட தம்பி சங்கிலிக்கும், அடுப்பை மறந்த அன்னையர்க்கும் என் நன்றி. வெளியே மேகம் இறங்கிவிட்டது. கதவு நம்பரைப் பார்த்துத் தட்டுங்கள். மாறித் தட்டி, அங்கே கேசரி நன்றாக இருந்தால் குடையை மட்டும் மறந்துவிடாதீர்கள், அது கையிலேயே இருக்கட்டும். வணக்கம்!