பரசூட்காரனுக்குச் சந்தோசம்

கொக்குவில் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, சுவிசிலிருந்து தன் மகன் எழுதிய கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

"பிளேனிலையிருந்து குதிச்சிருக்கிறான், தங்கச்சி. அதுவும் காசு கட்டி."

"ஐயோ அக்கா! தனியவோ?"

"இல்லை. குதிக்கப் பழக்கிற வெள்ளைக்காரன் ஒருத்தன் இவனைத் தன்ரை நெஞ்சோடை கட்டிக்கொண்டு குதிச்சவனாம். பரசூட்டையும் அவன்தான் விரிச்சவனாம். கட்டின காசுக்கு மேலாலை அவனுக்குச் சந்தோசமாய் ஏதும் குடுக்கிறதோ அம்மா எண்டு கேட்டு எழுதியிருக்கிறான்."

"குடுக்கத்தானே வேணும். தேங்காய் பிடுங்கிறவருக்கே கூலிக்கு மேலாலை ரெண்டு தேங்காய் குடுக்கிறம்."

"அவர் மரத்திலை ஏறுறார். உந்த வெள்ளைக்காரன் விழுந்தவன்தானே! விழுறதுக்கும் ஆரும் குடுப்பினமோ?"

"பரசூட்டை விரிச்சவனெல்லே, அக்கா?"

"விரிக்காமல்? அவனும் சேர்ந்தெல்லே விழுந்தவன்!"

வரிசை இரண்டடி நகர்ந்தது. அம்மா தன் மண்ணெண்ணெய்க் கானைக் காலால் தள்ளிவிட்டுக் கேட்டார்:

"தேங்காய் பிடுங்கிறவருக்கு நாங்கள் ஏன் ரெண்டு கூடக் குடுக்கிறம்?"

"கூப்பிட்டால் அடுத்த முறையும் முகம் சுளிக்காமல் வரட்டும் எண்டுதான்."

"ஓம். அப்ப உவனுக்கு ஒரு சதமும் குடுக்க வேண்டாமெண்டு இண்டைக்கே எழுதிப்போடுறன்."