திரையின் வலது ஓரம்

மானிட்டர் வாங்குவதென்றால் முதலில் மேசையை அளக்க வேண்டும் சார். பலரும் கடையில் ஓடும் படத்தைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மேசை பத்தாது என்று தெரியும். நான் அளந்துகொண்டுதான் போனேன். அகலமானதாக, வளைந்ததாக எடுத்தேன். வளைவு எதற்கு என்று கேட்டீர்கள். தட்டையான அகலத் திரையில் ஓரத்தில் இருப்பது கண்ணை விட்டு விலகிப் போகும். வளைந்ததில் ஓரமும் நம்மைப் பார்த்தே இருக்கும். எனக்கு வலது ஓரம் முக்கியம். அங்கேதான் ஜெயபாண்டி இருப்பான்.

ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பழங்காநத்தத்தில் ஆபீஸ் இருந்தவரை அவன் எனக்குப் பக்கத்து சீட். ஆபீஸை மூடி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். நான் கோரிப்பாளையத்து மாடிவீட்டில், அவன் கொட்டாம்பட்டியில் தோட்டத்து வீட்டில். என் மனைவி அப்சானா அதற்கு முன்பே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வாய் திறப்பதில்லை என்பது அவள் குறை, உண்மைதான். அவனும் ஒண்டிக்கட்டை. அதனால் காலையில் வாட்ஸ்அப்பில் வீடியோவைப் போட்டால் சாயங்காலம் வரை அப்படியே ஓடும். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். டீ போட எழுந்தால் "வாரேன் பாய்" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்திருக்கிறேன். சொல்வதில் வெட்கமில்லை.

அவனுக்கு வீசிங் உண்டு. ஒருமுறை பக்கத்து வயலில் கதிர் அடிக்கும் மெஷின் ஓடி, தூசி கிளம்பி, அவனுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. இன்ஹேலர் வாசலில் பைக் பெட்டியில் இருந்தது. கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினான். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைத்துரையின் நம்பர் என்னிடம் இருந்ததால் உடனே அடித்தேன். அவர் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து அது எங்களுக்குள் ஏற்பாடு. அவன் கையை ஆட்டினால் நான் வெள்ளைத்துரையைக் கூப்பிட வேண்டும். தனியாக இருக்கிறாயே என்று சொந்தக்காரர்கள் கேட்டால், பாய் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்பானாம்.

மானிட்டர் வாங்க அவன்தான் பைக்கில் கூட்டிப் போனான். அவனுக்குக் கோயம்புத்தூரில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. "கல்யாணம் எனக்கா, உங்களுக்கா பாய்? இம்புட்டுப் பெருசா சீர் வாங்குறீங்க" என்று வழியெல்லாம் கேலி. பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் எதிர்க்காற்று. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் சார்.

மாட்டி முடித்து டீ குடிக்கும்போதுதான் சொன்னான். வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டானாம். பெண் வீட்டுப் பக்கத்திலேயே வேறு வேலை கிடைத்துவிட்டதாம்.

"அங்கிட்டுப் போனா இப்படி வீடியோவுல உக்கார முடியாது பாய். வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இருக்கும்ல. நீங்களும் அக்காவப் போயி கூட்டிட்டு வாங்க."

நியாயமான பேச்சு. நான் கோபப்படவில்லை. நல்லது மாப்ள என்றேன். டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் டீம் மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்தது நான்தான். அகலத் திரையை முழுசாக ஷேர் செய்யக் கூடாது சார். எதிரே சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மேலும் கீழும் கறுப்பாகி, நடுவில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். அதனால் இடப்பக்கத்துப் பெரும்பகுதியை மட்டும் காட்டுவேன். மீதி எனக்கு மட்டும். வேலையை விட்டுப் போகிறவனுக்கு மீட்டிங் கிடையாது என்பதால் ஜெயபாண்டி அந்த மீதியில் இருந்தான். மீட்டிங் நேரத்தில் அவன் பக்கத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவது வழக்கம்.

அன்றும் மெஷின் ஓடியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் தூசி தெரிந்தது. இருமினான், நெஞ்சைப் பிடித்தான், பிறகு கையை ஆட்டினான். முதலில் அவனுக்குத் தெம்பு இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய் பைக் பெட்டியிலிருந்து இன்ஹேலரை எடுத்திருக்கலாம். போகவில்லை. நான் போன் அடித்திருப்பேன் என்று நினைத்து, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் என்னை அவ்வளவு நம்பியது எனக்கு இதமாக இருந்தது.

எங்கள் டீம் லீடர் ரோகிணி மேடம் நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "என்ன யாசீன், அடிக்கடி அந்தப் பக்கமே பாக்குறீங்க?"

"ஸ்கிரீன் பெருசு மேடம். கண்ணு இன்னும் பழகல" என்றேன்.

அவர் சிரித்தார். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். முழுத் திரையையும் காட்டியிருந்தால் அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். ஒரு கிளிக். போனும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். எனக்குப் பதற்றம் இல்லை. கூப்பிடக் கூடாது என்று நினைத்துத்தான் கூப்பிடவில்லை. கோயம்புத்தூர் ரொம்பத் தூரம் சார்.

அவன் மேசைமேல் தலை சாய்த்தான். உதட்டைப் பார்த்தேன். கடைசியாகச் சொன்னது "பாய்" என்றுதான்.

மீட்டிங் முடிந்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மெஷின் நின்றிருந்தது. அங்கே ஃபேன் ஓடுவது கேட்டது. மிச்சமிருந்த பில்களைப் பார்த்து முடித்தேன். டீ போட எழுந்தபோது, வாரேன் மாப்ள என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளைத்துரை ஏதோ சொல்ல வந்தவர் அவனைத் தொட்டுப் பார்த்தார். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அழுது முடித்த பிறகுதான் திரையில் என்னைக் கவனித்தார்.

"பாய், பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?"

ஆமாம் என்றேன். அவர் லேப்டாப்பை மூடினார். வலது ஓரம் கறுத்துப் போனது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மற்றது எல்லாவற்றையும் நான் செய்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வீடியோவைத் துண்டித்தது வெள்ளைத்துரைதான் சார், நான் இல்லை. நான் அவனைத் தனியாக விடவில்லை.