யொரிஸின் சேணத்தில் நான் அடித்த ஆணி

ஐந்தாண்டுகளாக அசையாமல் அந்த நாற்காலியை அலங்கரிக்கும் எங்கள் குதிரையேறி மோதும் ஈட்டிப் போட்டிக் கழகத் தலைவர் எவரிஸ்ட் அவர்களே! ஷெல்ட் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே! கவசத்துக்கு எண்ணெய் தேய்த்தே கை கறுத்துப்போன தாய்மார்களே! சிரிக்கிறீர்கள், ஆனால் உண்மைதானே? முன்வரிசையில் அமர்ந்திருக்கும், யொரிஸைப் பெற்ற லியோன்டின் அம்மா அவர்களே! அனைவருக்கும் சேணம் செய்யும் மார்லீனின் மதிய வணக்கம்.

நாளை போட்டி. இன்று எனக்குப் பதக்கம். எதற்குப் பதக்கம்? ஐந்நூறு ஆண்டுப் பழமையான சேணத்தை அச்சு அசலாகச் செய்தேனாம்! அதை வாங்க நான் வரவில்லை. என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ள வந்திருக்கிறேன்.

எதிரியின் ஈட்டி மார்பில் மோதும்போது வீரன் பறந்துவிடாதபடி, இந்தச் சேணத்தின் இரண்டு பக்கப் பலகைகள் இடுப்பை வளைத்துப் பிடிக்கும். அதன் மூலச் சேணம் நம் தேவாலயச் சாமான் அறையில் கிடக்கிறது. பதினொரு நாள் அதன் முன்னால் குப்புறப் படுத்து அளந்தேன். தோலை அளந்தேன், தையலை எண்ணினேன், குதிரைமுடி நிரப்பிய திண்டைக்கூட விரலால் அமுக்கிப் பார்த்தேன். பலகைகளைப் பிணைத்திருந்தவை சுண்டுவிரல் கனத்தில் இரண்டு மர ஆணிகள். "இரும்பு எப்போதோ உதிர்ந்திருக்கும், எவனோ சோம்பேறி மரத்தைச் செருகிவிட்டான்" என்று நானே முடிவுகட்டினேன். இரும்பை அடித்தேன். சேணம் கேட்டிருந்த யொரிஸ் வந்தான், ஏறி உட்கார்ந்து பார்த்தான், எடுத்துப் போனான்.

போன செப்டம்பரில் ஈர மணலில் அவன் குதிரை சறுக்கியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அன்று எத்தனை பேர் விழுந்தார்கள்? விழுந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் பியர் குடித்தார்கள். யொரிஸ் விழவில்லை ஐயா! என் சேணம் அவனை விழவிடவில்லை. குதிரை புரண்டது, அவனும் அதோடு புரண்டான். குதிரை எழுந்துகொண்டது.

அடக்கம் முடிந்த வாரமே சாமான் அறைக்கு மறுபடி போனேன். சேணத்தின் அடியில் ஒரு தோல் பை தைத்திருக்கும். தையல் பிய்ந்துவிடுமே என்று முதல் தடவை அதைத் திறக்காமல் விட்டிருந்தேன். அன்று திறந்தேன். உள்ளே என்ன இருந்தது? பொன்னா? பொருளா? புனிதரின் எலும்பா? நூலால் கட்டிய ஒன்பது மர ஆணிகள்! ஒடியும் என்று தெரிந்தே வைத்திருக்கிறான் அந்தப் பழைய தச்சன். குதிரை சாய்ந்தால் ஆணி ஒடிய வேண்டும், பலகை திறக்க வேண்டும், வீரன் வெளியே விழ வேண்டும். சோம்பேறித்தனம் என்று நான் ஒதுக்கியது அவனுடைய மூளை. எனக்கு அது இல்லாமல் போயிற்று.

கொடுமை அதோடு நின்றதா? இல்லை. என் சேணத்தைப் பார்த்து நம் விதிப்புத்தகத்தில் "இரும்பு ஆணியே அசல், மரம் அடித்தால் மதிப்பெண் கிடையாது" என்று எழுதிவிட்டீர்கள். இறந்த வீரனின் சேணத்தில் அவன் ரத்த உறவு ஒருவர் ஒருமுறை மோதிய பிறகே அதை மூலையில் வைப்பது நம் வழக்கம். நாளைக்கு அதில் ஏறப்போவது யொரிஸின் தங்கை கத்லைன்.

நேற்றுத் தலைவரிடம் சொன்னேன். "இப்ப விதிய மாத்துனா நாளைக்குப் போட்டியே நடக்காது மார்லீன், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். கடைசி வரிசையில் யார் அது, உட்காரச் சொல்வது? உட்காருகிறேன், இன்னும் இரண்டே நிமிடம்.

இதோ, யொரிஸின் சேணத்திலிருந்து காலையில் நான் பிடுங்கிய இரண்டு இரும்பு ஆணிகள். இதோ, நான் செதுக்கிய மர ஆணிகள். எதை அடிக்கட்டும்? விதியை இப்போதே, இங்கேயே திருத்துவோம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கையும் இல்லையா? லியோன்டின் அம்மா, ஏதோ கேட்கிறீர்களே? பின்னால் இருப்பவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். "அவன் உங்கிட்ட ஏதாவது கேட்டானாம்மா?" என்கிறார்கள்.

அதைச் சொல்லாமலே இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். கேட்டான் அம்மா. மூலச் சேணத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "மர ஆணியே இருக்கட்டுமேக்கா, குதிர விழுந்தா நான் வெளிய வரணும்ல" என்று கேட்டான். "விழுறதுக்காடா சேணம் கேட்ட? மானம் போயிடும்" என்று சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். நான் அதைக் கேட்கவும் இல்லை.

அம்மா கையைத் தூக்குகிறார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கை மேலே இருக்கிறது. வயதான கை, அதிக நேரம் தாங்காது, மற்றவர்களும் தூக்குங்கள். கத்லைன்... அந்தப் பக்கம் இரண்டு... எவரிஸ்ட், நீங்களுமா? பேனாவை எடுங்கள், அடித்து எழுதுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். பதக்கம் மேசை மேலேயே இருக்கட்டும். எனக்குச் சுத்தியல் வேலை இருக்கிறது.