இரண்டாவது பாட்டில்

மேலே எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து நான்கு. துறைமுக உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதினோரு வருடமாக மாதிரி அறைப் பொறுப்பாளராக இருக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மூன்று மணிக்குச் சுங்கக் கிடங்கிலிருந்து லாரிகள் புறப்பட்டுவிடும், உடனே நிறுத்துங்கள் என்றேன். "ஒரு பாட்டில் வனஸ்பதிக்கா சார் இப்படிப் பதறுறீங்க? இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருக்காரு, வரட்டும்" என்று எழுத்தர் சொன்னார். கையில் கொண்டுவந்த டப்பாவை அவர் மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தேன். அதன் பிறகு அவர் எழுத ஆரம்பித்தார்.

கப்பலில் வரும் உணவுப் பொருளிலிருந்து எங்கள் அதிகாரி மாதிரி எடுத்து இரண்டு பாட்டில்களில் அடைத்து, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைப்பார். ஒன்று பரிசோதனைக் கூடத்துக்குப் போகும், மற்றது என் அறை ஃப்ரிட்ஜில் இருக்கும். முதல் முடிவு தவறென்று இறக்குமதி செய்தவர் முறையிட்டால், இரண்டாவதை வேறு கூடத்துக்கு அனுப்புவோம். எங்கள் சான்று இல்லாமல் சுங்கத்தில் சரக்கை விடமாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு வியாழக்கிழமை, பேக்கரிகளுக்குப் போக வேண்டிய எழுநூற்று இருபது பெட்டி வனஸ்பதியில் மாதிரி எடுத்தோம். மறுநாள் மாலை ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவேன் என்றார். உருகிவிடுமே என்று பயந்து இரண்டாவது பாட்டிலைத் துணிப்பையில் போட்டு என் வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்தேன். விதிப்படி இது தவறு. வீட்டில் சொல்லவும் மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை முடிவெட்டிக்கொண்டு திரும்பியபோது வீடெல்லாம் பிஸ்கட் வாசனை. நூலும் அரக்கும் குப்பைக் கூடையில் கிடந்தன. நல்ல வனஸ்பதி வாங்கி வரச் சொல்லி என் மனைவி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி பதினஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் சொன்னத ஞாபகம் வெச்சு வாங்கிட்டு வந்திருக்கீங்க. ஃபாரின் சரக்கா? என்னமா கட்டியிருக்கான்!" என்றாள். அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். மகள் நான்கு சாப்பிட்டாள். நானும் இரண்டு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மளிகைக் கடை வனஸ்பதியை நிரப்பி, திங்கள் காலை எல்லோருக்கும் முன்பாகப் போய், அதிலிருந்த, அதிகாரி கையெழுத்திட்ட சீட்டையே மறுபடி ஒட்டி, அவர் மேசையிலிருந்த முத்திரையை நானே வைத்தேன். முதல் பாட்டில் தேறிவிடும், இரண்டாவதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தேறவில்லை. கனிம எண்ணெய், அதாவது இயந்திரங்களுக்குப் போடும் எண்ணெய் வகை கலந்திருக்கிறது, உண்ணத் தகுதியில்லை என்று முடிவு வந்தது. இந்த வரியை எழுதும்போது எழுத்தர் பேனாவை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னேன். அன்றைக்கே மிச்ச பிஸ்கட்டை டப்பாவோடு பரணில் ஒளித்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்றேன். "அவ்வளவையும் நீங்களேவாப்பா?" என்று மகள் சண்டைக்கு வந்தாள். வயிறு வலிக்கிறதா என்று அவளிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டேன்.

அதன் பிறகு இறக்குமதி செய்தவர் சார்பில் சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஏஜென்ட் முறையீடு கொடுத்தார். நான் நிரப்பிய பாட்டில் போனது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன். நேற்று முடிவு வந்தது, எல்லாம் சரி. மளிகைக் கடைச் சரக்கு சரியாகத்தானே இருக்கும். இன்று காலை சான்று கொடுத்தாயிற்று, ஏஜென்ட் எனக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். ஜன்னலில் பார்த்தால் பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் தின்னப்போகிறார்களோ என்று நினைத்தேன். அதிகாரி வெளியூரில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடி டப்பாவை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். நிஜமான இரண்டாவது பாட்டிலில் மிச்சமிருப்பது இந்த பிஸ்கட்தான்.

டப்பாவில் எத்தனை என்று எழுத்தர் கேட்டார். பதினாறு, வீட்டில் எண்ணினேன் என்றேன். திறந்து எண்ணியதில் பதினைந்து இருந்தன. "சாப்பிட்டா என்ன சார் ஆகும்?" என்று கேட்டார். என் மகளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை, இனிமேல் தெரியாது என்றேன். அதன் பிறகு இன்ஸ்பெக்டருக்குக் காத்திராமல் அவரே கிடங்குக்குப் போன் செய்து கேட்டைச் சாத்தச் சொன்னார். அப்போது மணி இரண்டு ஐம்பது.

எழுதியதைப் படித்துக் காட்டினார். பதினாறாவது பிஸ்கட் விஷயம் மட்டும் வேண்டாமே என்றார். மூன்று வாரம் நான் மறைத்தது போதும், அதையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். எழுதினார். இதில் உள்ளது முழுவதும் யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்ன உண்மை.

(கையொப்பம்)