ஆணியில் தொங்கிய கம்பிகள்

எண்ணெய்க் கையோடு நான் யாருடைய வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை, ஐயா. மண்ணெண்ணெயில் கழுவி, சவர்க்காரம் போட்டு, துணியில் துடைத்துவிட்டுத்தான் ஏறுவேன். கண்டியில் பதினோரு வருஷமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். செல்லச்சாமி வேலையில் அழுக்கு இருக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன். எனக்கும் அலுப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் மூன்று பேர் கூடுவோம். நான், தபால் கந்தோரில் வேலை பார்க்கும் நடராஜா, இரும்புக்கடை மஹ்ரூப் முதலாளி. பேச்சு முழுக்க மோட்டார்தான். எந்த வண்டி கடுகண்ணாவ மேட்டைத் தண்ணீர் கொதிக்காமல் ஏறும், பெரிய யுத்தத்தில் ஓடிய கவச வண்டிக்கு எத்தனை குதிரைச் சக்தி, இப்படி. நடராஜாவிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் லண்டனிலிருந்து வரும் மோட்டார் சஞ்சிகையை ஒரு வரி விடாமல் படிப்பார்.

போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், முதலாளி புது வண்டி எடுத்தார். நாலு சக்கரத்திலும் பிரேக். என் கைக்கு அதுவரை வந்த வண்டிகளுக்கெல்லாம் பின்சக்கரத்தில் மட்டும்தான். முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை ஒன்று போதும். நிறுத்துகிற வேலையையும் அதன் தலையில் கட்டினால் வளைவில் சறுக்கும். அதுதான் என் அபிப்பிராயம். இன்றும் அதுதான்.

"செல்லச்சாமிக்கு வயசு போயிட்டு," என்றார் முதலாளி. "ஒலகம் எங்கயோ போகுது, இவரு இன்னும் மாட்டு வண்டில நிக்கிறாரு."

"ஓம், அவருக்கு மூக்கணாங்கயிறுதான் தோது," என்றார் நடராஜா. கடைக்காரனும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. மறைக்க மாட்டேன்.

அடுத்த வாரம் எண்ணெய் மாற்ற வண்டியை என்னிடம் விட்டார். முன் பிரேக்குகளை இழுக்கிற கம்பிகள் இரண்டையும் கழற்றினேன். துடைத்து, கிரீஸ் பூசி, சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். மிதித்தால் வித்தியாசம் தெரியாதபடி பின் பிரேக்குகளை இறுக்கிக் கொடுத்தேன். நல்ல வேலை அது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி முகமெல்லாம் பல்லாக வந்தார். "நீங்க கை வெச்சப் பொறகு இன்னும் நல்லாப் பிடிக்குது. பாத்தீங்களா, நாலு பிரேக்குண்டா நாலு பிரேக்குத்தான்." அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் ஓடட்டும், பிறகு கம்பிகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்று பொறுத்திருந்தேன்.

இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினின் பிடியில் இறங்குவதுதான் மலைப்பக்கத்துப் பழக்கம். முதலாளி அதை விட்டுவிட்டார். "நாலு பிரேக் இரிக்கச்சே கியரோட என்னத்துக்கு மல்லுக்கட்டணும்?" என்று கடையில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மூன்று மாதம் நிறைய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மடுல்கெல்லயில் கடை வைத்திருக்கும் மச்சான் வீட்டுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். டயருக்குக் காற்றுப் பார்க்க என்னிடம் நிறுத்தினார்கள். பின்னால் அவர் மனைவி ருக்கியா, பக்கத்தில் ஆறு வயது மகள் றலியா. அந்தம்மாவுக்கு மலைப்பாதை என்றாலே பயம்.

"அண்ணன், பிரேக்கெல்லாம் சரியா இரிக்கா?"

"சரியா இருக்கு தங்கச்சி. பயப்படாம போயிட்டு வாங்க."

பொய் சொல்லவில்லை, ஐயா. என்னைப் பொறுத்தவரை சரியாகத்தான் இருந்தது. றலியா கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் திரும்பி வருகையில், பன்விலவுக்கு மேலே உள்ள இறக்கத்தில் வண்டி பள்ளத்தில் விழுந்தது. தாயும் மகளும் அங்கேயே போய்விட்டார்கள். முதலாளிக்கு வலது கால் முறிந்தது. வண்டி நசுங்கிக் கிடந்ததால் கம்பி இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. வேகமாக ஓட்டியதால் வந்த விபத்து என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள்.

அதோடு போயிருக்கும். ஆனால் கால் எலும்பு கூடியதிலிருந்து அவர் தினமும் கராஜுக்கு வருகிறார். ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, அந்த ஆணிக்கு நேர் கீழே கிடக்கும் கதிரையில் உட்காருகிறார். ஒரே கேள்வி.

"நான் ஒழுங்கா மிதிக்கல்லியா செல்லச்சாமி? நானா அவங்க ரெண்டு பேரையும் மவுத்தாக்கினேன்?"

"கியரைக் குறைச்சிருக்கணும் முதலாளி," என்பேன். அவர் அழுவார். எட்டு மாதமாக இதுதான். வேலை ஓடவில்லை, ஐயா. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். அதனால்தான் வந்தேன். இந்தத் துணிக்குள் இருப்பவைதான் அந்தக் கம்பிகள். நான் தெரிந்தே கழற்றினேன், தெரிந்தே அனுப்பினேன், ருக்கியாவும் றலியாவும் செத்தது அதனால்தான் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

முதலாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். செய்தி வந்ததும் நான் அந்த இடத்துக்குப் போனேன். பள்ளத்தை எட்டிப் பார்க்குமுன் பாதையைத்தான் பார்த்தேன். பின்சக்கரங்கள் சரளையை உழுதிருந்தன. நான் சொன்னபடியே வண்டி பக்கவாட்டில் இம்மியும் சறுக்கவில்லை. இரண்டு கோடுகளும் நூல் பிடித்தாற்போல நேராகப் போயிருந்தன, பாதை திரும்புகிற இடத்தையும் தாண்டி.