பெரியம்மாவா, சித்தியா?

…அதெப்படி, பெத்த வலி எனக்கு, அம்மாங்கிற பேரு உனக்கா? நல்லா இருக்கே நியாயம்! வாயத் தொறந்து ஒரு பதில் சொல்லேன். சொல்ல மாட்டே. எங்கூட ரெட்டையா உருவாகி, பொறக்கறதுக்கு முன்னாடியே சத்தமில்லாம எனக்குள்ள கரைஞ்சு உக்காந்துக்கிட்டவதானே நீ! இத்தனை வருஷமா ஓசியில குடியிருக்கியே, ஒரு நாளாச்சும் பாத்திரம் கழுவியிருப்பியா? இப்பக்கூட குழந்தை துணிய மடிக்கறது என் கைதான்… ம், கை யாருதோ!

நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். "எம் புள்ள ஜாடையே இல்லியே"ன்னு மாமியார் தினம் தொட்டில எட்டிப் பாத்து இழுத்தாங்க. எனக்கு மூக்குக்கு மேல கோவம். "மூணு பேருக்கும் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துரலாம், வாங்க"ன்னு நான்தான் குதிச்சேன். வந்துச்சு ரிசல்ட்டு. அப்பா அவருதானாம், சந்தேகமே இல்லியாம். அம்மாதான் நான் இல்லியாம்! "எங்கேர்ந்துடி தூக்கிட்டு வந்தே?"ன்னு மாமியார் கேக்கறாங்க… பிரசவ ரூம் வாசல்ல நின்னு என் அலறலக் கேட்டவங்களே அவங்கதான்!

அப்புறம் டாக்டர்தான் உன்னக் கண்டுபிடிச்சாரு. ரத்தத்துல நானாம், கருமுட்டை உருவாகற சினைப்பையில நீயாம். மூக்கு யாருதுன்னு அவருக்கே தெரியல. "அப்ப நான் குழந்தைக்கு யாரு டாக்டர்?"னேன். "டெஸ்ட்டப் பாத்தா, அம்மாவோட கூடப்பொறந்தவங்க"ன்னாரு. பெரியம்மாவா, சித்தியா? யாரு மூத்தவன்னு சொல்ல முடியாதாம். இதுகூடத் தெரியாம என்ன படிச்சாரோ!

வீட்டுல இப்ப உனக்குத்தான் மவுசு. "அந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சி, என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதுண்டா?"ன்னு மாமியார் உருகறாங்க. என் வீட்டுக்காரர் ஹால்ல போய்ப் படுத்துக்கறாரு. மச்சினிச்சி இருக்கற ரூமாம், கூச்சமா இருக்காம்!

சிரிக்காதே… எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருக்குடி. நாளைக்கு அவன் வளந்து, "நீ எனக்கு யாரு?"ன்னு கேட்டா, நான் என்னன்னு சொல்வேன்?

இந்தா, முழிச்சுட்டான். அழறான் பாரு. நான் நகர மாட்டேன். உம் புள்ளதானே, நீயே போய்த் தூக்கு. ம்… போ… போயேன்…

கல்லு மாதிரி இருக்கியே, மூச்சு முட்ட அழறான்டி… அய்யோ, தள்ளு அந்தப் பக்கம்! இதோ… இதோ வந்துட்டேன்டா தங்கம், அம்மா வந்துட்டேன்!