நாப்பத்தெட்டு நாள் ஆளில்ல

அண்ணே, அண்ணே, கைய எடுங்க! அந்தச் செவப்பு பட்டன அமுக்கிராதீங்க. அலமாக்! மாத்துன கண்ணாடியில டச் வேல செய்யுதான்னு பாக்க ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா? அமுக்கியிருந்தீங்கன்னா அம்பது பேரு இந்நேரம் நடுரோட்டுல நின்னுருப்பாங்க.

போன் விளையாட்டுதாண்ணே. கோட்ட கட்டி, படை சேத்து, அடுத்தவன் கோட்டைய இடிக்கிற விளையாட்டு. சிரிக்காதீங்க லா. படைக்குப் பேரு ஆறாங்கட்டை. எங்க தாத்தாங்க எல்லாம் ஆறாங்கட்டைத் தோட்டத்துல இருந்தவங்க, அதான் அந்தப் பேரு. ஃபார்ம் த்ரீ படிக்கிறப்ப நாந்தான் தொடங்குனேன். இப்ப பத்து பாகாட் ஊருலேர்ந்து கெலாங் பாத்தா ஊரு வரைக்கும் ஆளு இருக்கு.

சும்மா சண்ட போட்டுட்டுப் போற கூட்டம் இல்ல. பத்து பாகாட்ல வெள்ளம் வந்துச்சே, அப்ப யோகேஸ்வரி வீட்டுச் சேத்த வழிச்சது யாரு? எங்க படை. பதினோரு பேரு வேன் பிடிச்சிப் போனோம். அந்தப் பொண்ணு மூஞ்சியவே அன்னிக்குத்தான் பாத்தோம். அதுவரைக்கும் அது எங்களுக்கு வடக்கு வாசல் காவல், அவ்ளோதான். எஸ்.பி.எம். பரீச்சை வந்தப்ப கணக்குக்குச் சாட்டுலயே பாடம் நடத்துனோம். எட்டு பேரு பாஸ். நான் பாஸாவல, அது வேற கத.

இந்தப் போன் என்னோடது இல்லண்ணே, கவினோடது. ஒண்ணாப்புலேர்ந்து ஒரே மேச நாங்க. எப்படி ஒடஞ்சிச்சா? விழுந்துச்சி, ஒடஞ்சிச்சி. கண்ணாடி மாத்திட்டீங்கல்ல, உடுங்க.

மொட்டையா? ஆமா, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தேன். யாருக்கு நேந்துக்கிட்டேன்னா... வீட்டு விசயம்ணே. அது எதுக்கு இப்ப.

ஒரு மண்டலம் விரதம். கறி மீன உடுறேன்னுதான் சொன்னேன். எங்கம்மா சும்மா இருக்கணும்ல? கறி மீன உடுறதெல்லாம் ஒரு விரதமாடா, எத ஒன்னால உட முடியாதோ அத உடுன்னாங்க. நான் ரோசத்துல, விளையாட்ட உடுறேன்னுட்டேன். போன வாங்கி சாமி மேடைக்குக் கீழ வச்சிப் பூட்டிட்டாங்க.

தலைவரு இல்லாம படை ஓடாது. கிரீடத்த யாருக்காச்சும் மாத்திக் குடுக்கணும். கவினுக்கு அப்ப கால்ல மாவுக்கட்டு, வீட்டோட கெடந்தான், நாள் பூரா நேரம் இருந்துச்சி. போன அம்மா பூட்டுறதுக்கு முந்தியே அவனுக்குக் குடுத்துட்டேன். பாத்துக்கடா, விரதம் முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்னு எழுதுனேன். சரி மச்சான்னான்.

அந்த விளையாட்டுல ஒரு சட்டம் இருக்குண்ணே. முப்பது நாளு ஆளில்லன்னா தலைவரு அந்த ஆள வெளிய தூக்கலாம். தூக்கலாம், அவ்ளோதான். தூக்கணும்னு இல்ல.

காவடி எறக்கிட்டு, சாயந்தரம், தலையில சந்தனம்கூட காயல, போன தொறக்குறேன். நீ எந்தப் படையிலயும் இல்லன்னு வருது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல, நாப்பத்தெட்டு நாள் ஆளில்லன்னு இருக்கு. அந்தக் கணக்க விளையாட்டு போடலண்ணே. அவனே தட்டுனது. நான் எங்க போனேன், எப்ப வருவேன், எல்லாம் தெரிஞ்சவன். உக்காந்து நாள எண்ணியிருக்கான். நான் வந்துட்டா கிரீடத்தத் திருப்பிக் குடுக்கணுமில்ல?

சரி, ஞாயித்துக்கிழம போட்டி இருக்கே, மூஞ்சிக்கு மூஞ்சி கேட்டுருவோம்னு இருந்தேன். எட்டு படை, ஒரே மண்டபம், நான் ஏற்பாடு பண்ணது. அந்த டேவான் மண்டபத்துக்காக மலாய்ல நாலு கடுதாசி எழுதுனேன். மூணு திரும்பி வந்துச்சி. அன்னிக்குக் காலைலயே போயிக் கூட்டிப் பெருக்கி, நாக்காலி போட்டு, ஒயர் இழுத்து டேப் ஒட்டி வச்சேன். பத்து மணி, யாரும் வரல. பதினொண்ணு. சாவி வச்சிருக்குற மலாய்க்காரப் பெரியவரு, அந்தப் பாக்சிக், ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டு, மானா ஓராங்னு கேட்டாரு. ஆளுங்க எங்கன்னா நான் என்னத்தச் சொல்றது?

அப்பறம் எங்க படை குணாளன் போன் பண்றான். டேய், போட்டி கெலாங் பாத்தாவுல நடக்குதுடா, பேனர்ல கவின் மூஞ்சிங்குறான். எடம் மாறுனத எல்லாருக்கும் சொல்லித்தான் இருக்கான், படை சாட்டுல. நாந்தான் படையிலயே இல்லையே.

அத்தன நாக்காலியையும் ஒத்த ஆளா அடுக்குனேண்ணே.

அப்பத்தான் இந்தப் போன் ஞாபகம் வந்துச்சி. என் அலமாரியிலயே கெடந்துச்சி, அவன் வேற வாங்கிட்டான். ஆனா அவன் கணக்கு இதுல தொறந்தபடி இருக்கு. கிரீடமும் உள்ளதான். கண்ணாடி மாத்தக் குடுத்ததே அந்தச் செவப்பு பட்டனுக்காகத்தான். படையக் கலைன்னு போட்டுருக்குல்ல. ஒரு தட்டு, மூணு வருசம் காலி. வெளிய மோட்டார்ல ஹார்ன் அடிக்குறான் பாருங்க, அவன்தான் குணாளன். அவனையும் கவின் தூக்கிட்டான், எனக்காகக் கேள்வி கேட்டான்னு. வழி பூரா இதே பாட்டு. அமுக்குடா, அமுக்கலன்னா நீயெல்லாம் ஒரு ஆம்பளையாங்குறான். டேய், இருடா! வரேன்!

அமுக்கலாம்தான். ஆனா யோகேஸ்வரிக்கு நான் தூக்கப்பட்டதே தெரியலண்ணே. அண்ணே, விரதம் முடிஞ்சிச்சா, எப்ப உள்ள வருவீங்க, வாசல் நான் பாத்துக்குறேன்னு மெசேஜ் போட்டுருக்கு. அது கட்டுன கோட்டையையும் சேத்து இடிக்கவா?

அழிச்சிருங்க. படைய இல்லண்ணே, போன. கடையில புதுசா வந்த மாதிரி ஆக்கிருங்க, எல்லாம் போயிரட்டும். கையில இருந்தா என் வெரலு சும்மா இருக்காது. எவ்ளோ நேரம்? சரி, நிக்குறேன்.

போன் எப்படி ஒடஞ்சிச்சின்னு இன்னும் அதையே கேக்குறீங்க. கவின் மோட்டார்லேர்ந்து விழுந்தாண்ணே. டோல் பக்கத்துல லாரி தட்டிருச்சி. நான் பின்னால இன்னொரு மோட்டார்ல வந்தேன். போன வாய்க்கால்லேர்ந்து எடுத்தது நாந்தான். ஆஸ்பத்திரியில, கால எடுக்க வேண்டி வரலாம்னாங்க. அங்கயே, மோட்டார் நிறுத்துற எடத்துல நின்னுக்கிட்டு நேந்துக்கிட்டேன். ரெண்டு காலோட அவன் நடந்தா காவடின்னு. நடக்குறான். கெலாங் பாத்தா வீடியோவுல பாத்தேன், கொஞ்சம் சாஞ்சி சாஞ்சி மேடையேறுறான்.

இல்ல, அவனுக்குத் தெரியாது. போய்ச் சொல்லிருடா, அப்பத்தான் அவனுக்கு ஒறைக்கும்னு எங்கம்மா நேத்து வெரட்டி உட்டாங்க. போனேன். அவன் வீட்டு வாசக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, யாருக்குடா காவடின்னு அவனே கேட்டான்.

வீட்டு விசயம்னுட்டு வந்துட்டேன்.